ஐதரசன் என்று கத்தினேன், ஐதர் ஓடி வந்தார்

வெளிநாட்டில் என்ன வேலை பார்த்தோம் என்பதை ஊருக்கு வந்து உள்ளபடி சொன்ன ஒரு மனிதரை நான் இன்றுவரை சந்தித்ததில்லை. முகம் மழிக்கும்போது கண்ணாடியில் தினமும் ஒருவரைப் பார்க்கிறேன். அவரும் சொன்னதில்லை.

கட்டாரில் பதினெட்டு வருடம் ஒரு பெரிய எரிவாயு ஆலையில் இருந்தேன். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் வரிசையாக வருவார்கள். ஆளுக்கொரு வாயு உணரியை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவேன். மாலையில் அதையே திருப்பி வாங்கி, துடைத்து, சார்ஜில் போடுவேன். இதுதான் என் உத்தியோகம். அந்தக் கருவிகளை என்னளவுக்குத் தொட்டவர் அந்தப் பாலைவனத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. (பஸ் கண்டக்டருக்கு எஞ்சின் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.)

ஆரையம்பதிக்குத் திரும்பி வந்து, "அங்க என்ன வேல?" என்று கேட்டவர்களிடம் "கேஸ் சேஃப்டி" என்றேன். ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொன்னால் மூன்றாவது கேள்வி வராது.

திரும்பி வந்ததற்குக் காரணம் பவானி. என் மனைவி. கடைசியாக லீவில் வந்தபோது, சூட்கேசை இறக்கி வைக்கவும் விடாமல் சொன்னாள்: "இஞ்சேருங்க, இன்னொருக்கா பிளேன் ஏறினீங்க எண்டா, திரும்பி வரக்குள்ள இந்த வீட்டில ஆள் இரிக்கும். ஆனா அது நானா இரிக்காது." பதினெட்டு வருடத்தில் நாங்கள் ஒன்றாக இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடம்கூட வராது. கேட்டதில் நியாயம் இருந்தது. ஆகவே ஊரிலேயே ஒரு வேலை தேடினேன்.

வேலை கிடைத்தது வாவிக்கரையில் இருந்த ஓர் அரிசி மா ஆலையில். காத்தான்குடி ஹாஜியார் ஒருவருடையது. சிவப்பரிசியை வறுத்து, அரைத்து, இடியப்ப மாவாகப் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவார். மாவில் டீசல் மணம் ஏறக் கூடாது என்பதற்காக மூட்டை தூக்கும் வண்டிகள் எல்லாம் பற்றரியில் ஓடுபவை. அந்தப் பற்றரிகளைச் சார்ஜ் பண்ண ஒரு தனி அறை. சார்ஜ் ஏறும்போது பற்றரியிலிருந்து ஐதரசன், அதாவது ஹைட்ரஜன், வாயு கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, ஒரு பொறி பட்டால் போதும். புதிதாக மா வாங்க வந்த வெளிநாட்டுக் கொம்பனி, அந்த அறையில் ஐதரசன் உணரி பொருத்தினால்தான் ஓடர் என்று சொல்லிவிட்டது.

ஹாஜியார் நேரடியாகவே கேட்டார்.

"தம்பி, இந்தக் கேஸ் புடிக்கிற மிசினெல்லாம் தெரியுமா?"

"அதுகளோடதானே ஹாஜியார் பதினெட்டு வருசம் வாழ்ந்தனான்."

(இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வேண்டுமானால் திரும்ப வாசித்துப் பாருங்கள்.)

"அப்ப நல்லம். மூணு மாசத்தில கொழும்பால சோதனைக்கு வருவாங்க. பாஸ் எண்டா வேலை உங்களுக்கு நிரந்தரம். பெயில் எண்டா ஓடரும் இல்ல, இந்த வேலையும் இல்ல. வெளங்கிச்சா?"

நன்றாக விளங்கியது. பெயில் என்றால் நான் மறுபடியும் பிளேன் ஏற வேண்டும். பவானி சொன்னதைச் செய்கிறவள்.

உணரி வந்து இறங்கியது. சவர்க்காரப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. முகத்தில் ஒரு சின்னத் திரை, ஒரு சிவப்பு விளக்கு, ஒரு மணி. இதை எங்கே பொருத்துவது? கட்டாரில் கந்தகம் கலந்த ஒரு வாயுவைப் பற்றி ஆட்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது பாரமானது, நிலத்தோடு ஊர்ந்து வரும் என்பார்கள். வாயு என்றால் எல்லாம் அண்ணன் தம்பிதானே என்று நினைத்து, சுவரில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு துளை போட்டு மாட்டினேன். மறுநாள் கையேட்டைத் திறந்தால் இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: உலகத்திலேயே பாரம் குறைந்த வாயு ஐதரசன், அது நேரே கூரைக்குத்தான் போகும். யாரும் வருவதற்கு முன் ஏணி வைத்து, கழற்றி, கூரையடியில் மாட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு இறங்கினேன். கீழே அந்த இரண்டு துளைகள் மட்டும் மிஞ்சின.

கதவில் ஓர் அறிவித்தலும் வேண்டும் என்றார்கள். என் சொந்த அறிவால், சிவப்பு மையால், அழகாக எழுதினேன்:

"வாயு வெளியேறினால் மணி அடிக்கும். உடனே சத்தமின்றி வெளியேறவும்."

சத்தியமாக அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நெரிசல்பட்டுக் கூச்சல் போடாமல் வெளியே போங்கள் என்பதுதான் என் கருத்து. முதலில் வாசித்தவர் ஐதர். வண்டி ஓட்டுகிறவர், ஏறாவூர்க்காரர், நாற்பது வயது, நாலு பிள்ளைகளின் தகப்பன். கதவுக்கு முன்னால் நின்று ஒருதரம் வாசித்தார். இன்னொருதரம் வாசித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாமூட்டையில் சாய்ந்துவிட்டார்.

"கட்டார் சேர், அப்ப இது ஆருட வாயுவப் புடிக்கிற மிசின்?"

"என்ன ஐதர் கேக்கிறீங்க?"

"நேத்து இடுப்புக்கு நேரயெல்லோ கிடந்திச்சி? எனக்கு அப்பவே டவுட்டு!"

இந்த இடத்தில் ஒரு பொறுப்பான பாதுகாப்பு அலுவலர் என்ன செய்வார்? அறிவித்தலைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதுவார். நான் பகிடிக்காரன். நல்ல பகிடி ஒன்று தானாக மடியில் வந்து விழுந்தால் தள்ளிவிட எனக்கு மனம் வராது. "ஓம் ஐதர், மரவள்ளிக்கிழங்கு திண்டா ஒரு மணி, கடல திண்டா ரெண்டு மணி" என்றேன். ஆலையே கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து மூன்று மாதமும் அதே கதைதான். யாராவது சார்ஜ் அறைக்குள் போனால் வெளியே இருப்பவர்கள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்பார்கள். "கவனம் மச்சான், மேல பாத்து நட!" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். என்னை எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு.

உள்ளுக்குள் மட்டும் நடுக்கம். கையேட்டை வாசித்து வாசித்து ஒருவாறு விளங்கிக்கொண்டேன். அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு குட்டி மின்கலம். பெரிய பற்றரிகளைக் காவல் காக்க ஒரு சின்னப் பற்றரி. மெல்லிய சவ்வு ஒன்றின் ஊடாகக் காற்று உள்ளே போகும். அதில் ஐதரசன் இருந்தால், உள்ளே அமிலத்தில் ஊறிக்கொண்டிருக்கும் மின்வாயில் இரசாயனத் தாக்கம் நடந்து, எறும்பு கடித்தமாதிரி ஒரு மின்னோட்டம் பிறக்கும். வாயு கூடக்கூட அதுவும் கூடும். அதை அளந்து திரையில் எண்ணாகக் காட்டும். குறித்த எல்லையைத் தாண்டினால் விளக்கும் மணியும். மின்னிரசாயன உணரி என்று அதற்குப் பெயர். கையேடு எழுபது பக்கம். பாதிக்குப் பிறகு அட்டவணைகள் தொடங்கின. அட்டவணையைக் கண்டால் எனக்குப் பள்ளிக்கூடக் கணித வாத்தியார் முன்னால் வந்து நிற்பார். மூடி வைத்துவிட்டேன்.

எல்லையை எவ்வளவில் வைப்பது? கையேடு ஓர் அளவு சொல்லியிருந்தது. எனக்கென்னவோ அது ஆபத்தான தைரியமாகப் பட்டது. பொத்தானை அமத்தி அமத்திக் கீழே கொண்டுபோய், இதற்குக் கீழே போகமாட்டேன் என்று பெட்டியே மறுத்த இடத்தில் நிறுத்தினேன். உணரி வேலை செய்கிறதா என்று பார்க்க, சோதனை வாயு அடைத்த சின்னச் சிலிண்டர் ஒன்று கொழும்பிலிருந்து வர வேண்டும். அது வரவில்லை. ஆகவே அந்த மணி தன் வாழ்நாளில் ஒருதரமும் அடித்ததில்லை. அடிக்குமா என்பதும் ஒருவருக்கும் தெரியாது.

சோதனை நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது.

வந்தவர் கொழும்பிலிருந்து வந்தாலும் பேச்சு யாழ்ப்பாணப் பேச்சு. அறுபதை நெருங்கிய, பருத்த, சிரிக்காத மனிதர். நாங்கள் ஐயா என்றே கூப்பிட்டோம். ஹாஜியார் ஜும்ஆத் தொழுகைக்குப் போக, மதியச் சாப்பாட்டுக்கு உபசரிப்பு என் பொறுப்பு. பவானி விடிய எழும்பிச் சமைத்து அனுப்பியிருந்தாள். பலாக்கொட்டைக் கறி, கடலைக் கறி, மரவள்ளிக்கிழங்குப் பிரட்டல், வாவி இறால். ஐயாவுக்குப் பலாக்கொட்டையில் அப்படியொரு பிரியம். மூன்று தரம் கேட்டு வாங்கினார். பக்கத்து மேசையில் ஐதரும் கூட்டாளிகளும் ஒவ்வொரு அகப்பைக்கும் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் சார்ஜ் அறையில்.

அன்று காலையிலேயே சார்ஜர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டிருந்தேன், திரையில் பூச்சியம் காட்டட்டும் என்று. காற்றை வெளியே தள்ளும் விசிறியையும் நிறுத்தியிருந்தேன், அது இருமல் வந்த கிழவன்போலச் சத்தம் போடும் என்பதால். (வாயு வராமல் இருக்க ஓர் ஏற்பாடு, வந்தால் போகாமல் இருக்க இன்னோர் ஏற்பாடு. மூளை அப்படி வேலை செய்தது.) சாப்பாடு முடிய, பள்ளியால் வந்த ஹாஜியார் ஐயாவை மாக் களஞ்சியத்துக்குக் கூட்டிப்போனார். இதற்கும் மேலே செய்ய என்ன இருக்கிறது என்று நான் யோசித்தபோது, மலர் அக்கா சாம்பிராணிச் சட்டியோடு வந்தார்.

எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமைக்குச் சாம்பிராணி தமிழர், முஸ்லிம்கள் இரண்டு வீட்டாருக்கும் பொதுவானது. ஆலையைக் கூட்டித் துடைக்கும் மலர் அக்கா வெள்ளி தவறாமல் சிரட்டைக்கரி நெருப்பில் சாம்பிராணி தூவி எல்லா அறைக்கும் புகை காட்டுவார். ஹாஜியாருக்கும் அந்த மணம் பிடிக்கும். சார்ஜ் அறை மட்டும் விலக்கு. விலக்கி வைத்தவன் நான்.

"அக்கா, சார்ஜ் அறைக்கும் ஒருக்காக் காட்டுங்க. கண்ணூறு கழியட்டும்."

மலர் அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அதுக்குள்ள நெருப்புக் கொண்டு போகப்படா எண்டு நீங்கதானே தம்பி எழுதி ஒட்டினீங்க?"

"இது நெருப்பில்ல அக்கா. சாமி."

அந்த வசனத்தை நான்தான் சொன்னேன். சாட்சி இருக்கிறது.

அக்கா உள்ளே போய் மூலை மூலையாகப் புகை காட்டத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து ஹாஜியாரும் ஐயாவும் மாக் களஞ்சியத்தை நினைத்ததைவிட வெள்ளனவே முடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வரும் பேச்சுச் சத்தம். "அக்கா, அவர் வாறார்! ஒளிங்க!" என்றேன். அக்கா பதறிப்போய்ச் சட்டியை இரும்பு அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பின்கதவால் போய்விட்டார். வாசலையே பார்த்துக்கொண்டு நின்ற நான், சட்டியையும் கொண்டு போயிருப்பார் என்று நினைத்தேன். சாம்பிராணி எரிந்து முடிந்திருந்தது. வெறும் கரி மட்டும் கனன்றுகொண்டிருந்தது. மணம்தான் ஆலை முழுவதும் இருந்ததே, யாருக்குச் சந்தேகம் வரும்?

ஐயா கதவில் இருந்த அறிவித்தலை வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே வந்தார். ஹாஜியாரும் நானும் பின்னால். தொழிலாளர் எட்டுப் பத்துப் பேர் வாசலில் வரிசையாக.

"உந்த உணரி எப்ப பூட்டினது?"

"மூணு மாசம் ஐயா."

"கடைசியா எப்ப சோதிச்சனீர்?"

வாயைத் திறந்தேன். அப்போதுதான் மேலே திரையைப் பார்த்தேன். காலையிலிருந்து பூச்சியமாக நின்ற எண் ஏறிக்கொண்டிருந்தது. என் கண் முன்னாலேயே, கடையில் தராசு முள் ஏறுகிறமாதிரி, நிதானமாக, உறுதியாக. சார்ஜர் கழற்றியிருக்கிறது, பிறகு எங்கிருந்து வருகிறது? யோசிப்பதற்குள் சிவப்பு விளக்கு பளிச்சிட்டது. மணி அடித்தது. அம்மாடி, அது மணி இல்லை, மட்டக்களப்பு நகரத்துக்கே கேட்டிருக்கும்.

ஒரு விநாடி எல்லோரும் உறைந்து நின்றார்கள். அடுத்த விநாடி வாசலில் நின்ற பத்துச் சோடிக் கண்களும் ஒன்றாக, மெதுவாக, ஐயாவின் வயிற்றுக்குத் திரும்பின.

முதலில் ஒருவர் மூக்கால் சிரித்தார். அடுத்தவர் தோள் குலுங்கியது. "பலாக்கொட்டை" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதோடு அணை உடைந்தது. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரிக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குந்திவிட்டாள். ஹாஜியாருக்குச் சங்கதி தெரியாது. "என்ன? என்ன நடந்திச்சி?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். ஐயாவின் காது சிவந்துகொண்டு வருகிறது.

எனக்கோ சிரிப்புக் கேட்கவே இல்லை. வெடிக்கும் சத்தம்தான் முன்கூட்டியே கேட்டது. ஐயாவை அசத்துவதற்காகப் பாடமாக்கி வைத்திருந்த பாடப்புத்தகச் சொல் வாயில் தயாராக இருந்தது. அதுதான் வந்தது.

"ஐதரசன்! ஐதரசன்! ஐதரசன்!"

வாசல் கூட்டத்தின் பின்னால் வண்டியில் இருந்த ஐதர் குதித்து இறங்கி, ஆட்களை விலக்கிக்கொண்டு அறைக்கு உள்ளே ஓடி வந்தார்.

"இந்தா வந்திட்டன் சேர்! என்ன செய்யணும்?"

பதில் சொல்ல நான் அங்கே இல்லை.

பின்கதவால் பாய்ந்துவிட்டேன். ஆலைக்குப் பின்னால் கரையோரச் சதுப்பில் கண்ணா மரங்கள். அதில் ஒன்றில் "ஒன்றுகூடும் இடம்" என்று பலகை அடித்தவன் நான். அதைத் தாண்டி ஓடினேன். கரையைத் தாண்டினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றபோதுதான் வாவிக்குள் இறங்கிவிட்டேன் என்று தெரிந்தது. வெள்ளைச் சேட்டு, டை, களிசான், அடையாள அட்டை. இடது காலில் இருந்த சப்பாத்தைச் சேறு உறிஞ்சி எடுத்துவிட்டது. பக்கத்தில் தோணியில் வலை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னை அமைதியாகப் பார்த்தார்.

"என்னண்ணன், டையெல்லாம் கட்டிக்கொண்டு? இறாலுக்கு இண்டைக்குக் கலியாணமா?"

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை. ஒருவர்கூட. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆபத்து வந்தால் ஓட வேண்டும் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்க வந்த நான் ஒருவன்தான் ஓடியிருக்கிறேன். அவர்கள் ஓடாததற்கும் நான்தான் காரணம். மூன்று மாதமாக அந்த மணியைக் கேட்டால் சிரிக்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறேன். பழக்கியது பிடித்துவிட்டது. ஐதர் என் குரலைக் கேட்டு உள்ளே நிற்கிறார், நாலு பிள்ளைகளின் தகப்பன்.

தண்ணீரில் நின்ற இடத்திலேயே எனக்கு வியர்த்தது.

திரும்பி ஓடினேன். இது துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் சேறுமாக நொண்டி நொண்டி, அழுகிற குரலில் "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டுதான் ஓடினேன். வாசலுக்கு வந்ததும் பாடப்புத்தகமெல்லாம் மறந்துபோயிற்று.

"மக்காள், வெடிக்கப் போகுது! வெளிய வாங்க!"

வெடி என்ற சொல்லுக்கு, யுத்தம் பார்த்த எங்கள் ஊரில் விளக்கம் தேவையில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. சிரித்த வாய் மூடுவதற்குள் கால்கள் புறப்பட்டுவிட்டன. ஹாஜியார் ஐயாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். முந்தானைப் பெண்பிள்ளை எல்லோருக்கும் முன்னால். கண்ணா மரத்தடியில் வந்து மூச்சு வாங்கினோம். ஐயா விரலை நீட்டி ஆட்களை எண்ணத் தொடங்கினார்.

ஒருவர் குறைந்தது.

"ஐதர்!" என்று நான் கத்தினேன். இந்தமுறை உண்மையாகவே அவரைத்தான் கூப்பிட்டேன்.

பின்கதவால் ஐதர் அவசரமில்லாமல் ஆறுதலாக வந்தார். கையில் பழைய துணியால் பிடித்தபடி மலர் அக்காவின் சட்டி. "சேர், நீங்க தேடின சாமான் இதா? அலுமாரிக்குப் பின்னால கெடந்திச்சி."

சட்டியை அப்படியே வாவியில் கவிழ்க்கச் சொன்னேன். ஸ்ஸ்ஸென்று அணைந்தது. கொஞ்ச நேரத்தில், திறந்த கதவுகளால் காற்று ஓட, உள்ளே மணியும் நின்றது.

ஐயா அந்த வெற்றுச் சட்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"பற்றரி அறைக்குள்ள நெருப்பை ஆர் வைச்சது?"

மலர் அக்கா நிலத்தைப் பார்த்தார். என் வாயில், வழக்கம்போல, ஒரு பகிடி தயாராக இருந்தது. பூனை என்று தொடங்கும் பகிடி. பவானியின் முகம் வந்தது. சூட்கேசின் முகமும் வந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டே பகிடியை விழுங்கினேன்.

"நான்தான் ஐயா. அக்கா மாட்டன் எண்டவ. நான்தான் காட்டச் சொன்னது. விசிறிய நிப்பாட்டினதும் நான். மிசினச் சோதிக்கவே இல்ல. கட்டாரில நான் ஸ்டோர்ல இதுகள எடுத்துக் குடுத்தனான், அவ்வளவுதான்."

கடைசி வசனத்தைச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒருமுறை திறந்தால் எனக்கு மூடத் தெரியாது.

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு வாவியைப் பார்த்தார். ஐயா கையேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் மூடி வைத்த இடத்துக்கு அடுத்த பக்கத்தைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். அட்டவணை.

"வாசியும். கரி எரிஞ்சா காபன் மொனொக்சைட்டு வரும். இந்த உணரிக்கு அதுவும் ஐதரசன் மாதிரித்தான் தெரியும். ஆளைப் பிழையாப் பிடிக்கும்."

கண்ணாடி போடாமல் வாசலில் இருந்துகொண்டு, வருகிறவரையெல்லாம் "அது நம்மட குமாரெல்லோ" என்று கூப்பிடும் என் மாமனார் ஞாபகம் வந்தார். சொல்லவில்லை.

"ஆனா ஒண்டு விளங்கிக்கொள்ளும். சார்ஜரைக் கழட்டினாலும் பற்றரி கொஞ்ச நேரம் ஐதரசன் விடும். விசிறியும் இல்லை. அதுக்குள்ள நீர் நெருப்பை வைச்சிருக்கிறீர். இண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டது உம்மடை கெட்டித்தனம் இல்லை." கையேட்டை மூடினார். "உணரி நல்லா இருக்கு. பிழை நீர்தான். உணரியை மாத்தத் தேவையில்லை. உம்மை மாத்தலாமோ எண்டு பாப்பம். ஒரு மாசம் தாறன். எல்லை கையேட்டில உள்ளபடி. சோதனை வாயு. விசிறி. ஆக்களுக்குப் பயிற்சி. அந்த அறிவித்தலை முதல்ல கழட்டும்."

தலையாட்டினேன். ஐயா காரில் ஏறப்போனவர் திரும்பினார். முகம் அப்போதும் சிரிக்கவில்லை.

"இன்னொண்டு. நான் ஒண்டும் விடேல்லை எண்டதை உந்த ஆக்களிட்டை எடுத்துச் சொல்லும்."

கார் போன பிறகு ஹாஜியாரும் நானும் மிஞ்சினோம். என் களிசானிலிருந்து வாவி சொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, ஸ்டோர்ல குடுத்து வாங்கின எண்டு முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேல தருவீங்களா ஹாஜியார்?"

"இல்ல." என் காலைப் பார்த்தார். "ரெண்டு சப்பாத்தோட ஓடினீங்க, ஒண்டோட திரும்பி வந்தீங்க. ஓடினதையும் பாத்தன், வந்ததையும் பாத்தன். மற்றதத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு திங்கக்கெழம வேலைக்கி வாங்க. மறுகா அந்தப் புத்தகத்த முழுசா வாசிங்க."

வீட்டுக்கு வந்து பவானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டார் ஸ்டோர் உட்பட. அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் பிடவை மடிப்பதை நிறுத்தவில்லை.

"அது எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"பதினெட்டு வருசம் கேஸ் வேல செய்த ஆள், வீட்டில கேஸ் சிலிண்டர் மாத்த என்னக் கூப்பிடுவாரா?"

அந்த ஒரு மாதமும் நான் பள்ளிக்கூடப் பிள்ளையாகப் படித்தேன். அட்டவணைகள் உட்பட. சோதனை வாயுச் சிலிண்டர் வந்தது. குழாயை உணரியின் முகத்தில் பொருத்தித் திறக்க, எண் ஏறி, சிலிண்டரில் எழுதியிருந்த அளவிலேயே போய் நின்றபோது, பிள்ளை முதல் அடி வைத்ததைப் பார்த்தமாதிரி இருந்தது. மணி அடித்ததும் ஓடப் பழகினோம். முதல் நாள் பாதிப் பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. (என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான்.) இரண்டாம் வாரம் ஒருவரும் சிரிக்கவில்லை. ஐயா மறுபடியும் வந்தார், சொல்லாமல் கொள்ளாமல் தானே மணியை அடிக்க வைத்தார், மரத்தடியில் எண்ணிப் பார்த்தார். ஆட்கள் சரியாக இருந்தார்கள். ஐதர் உட்பட.

ஓடர் வந்தது. ஆலையில் இன்னொரு வரிசை இயந்திரம் ஓடுகிறது. அந்த முந்தானைப் பெண்பிள்ளைதான் இப்போது அதற்கு மேற்பார்வை. என் சப்பாத்தை அந்தத் தோணிக்காரர் சில நாள் கழித்து வலையில் கண்டெடுத்துக் கொண்டுவந்தார், உள்ளே ஒரு நண்டோடு. நண்டு கறியாயிற்று. சப்பாத்து ஆலையில் ஆணியில் தொங்குகிறது. பயிற்சி ஓட்டத்தில் மரத்தடிக்குக் கடைசியாக வருகிறவர் அன்று முழுவதும் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். ஹாஜியாரும் ஒருதரம் திரிந்தார்.

கதவில் புதிய அறிவித்தலை நான் எழுதவில்லை. தொழிலாளர்கள் கூடிப் பேசி, ஐதர் எழுதினார்: "மணி அடிச்சா ஓடு. ஆரெண்டு பாக்காத." ஐயா அதை இரண்டுதரம் வாசித்துவிட்டு, திருத்தம் ஒன்றும் தேவையில்லை என்றார். அந்த வாயின் ஓரம் ஒருதரம் அசைந்ததாக ஐதர் சத்தியம் பண்ணுகிறார்.

எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி உண்டு. சட்டியை எடுத்ததும் பவானி விறாந்தையில் நின்று, அயலுக்குக் கேட்கும்படியாகக் கூவுவாள்: "ஐதரசன் வருது! ஓடுற ஆக்கள் ஓடலாம்!" மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். பாஸ்போட்டு காலாவதியாகி அலுமாரியில் கிடக்கிறது, நான் புதுப்பிக்கவில்லை. கதிரையில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்வேன்:

"இஞ்ச ஒருத்தரும் ஓடுறதா இல்ல. நீ கொண்டு வா."